ஆஸ்கருக்குத் தமிழ்ப் படம் ஏன் போவதில்லை என்று கேட்ட குளச்சல் நண்பருக்கு

குளச்சலில் இருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "ஒவ்வொரு ஜனவரியிலும் ஆஸ்கர் பட்டியலில் தமிழ்ப் படம் என்று செய்தி வருகிறது. ஒரு மாதத்தில் அந்தப் பேச்சே இல்லாமல் போகிறது. கடைசியில் போவது இந்திப் படம்தான். மத்திய அரசு தமிழை வேண்டுமென்றே ஒதுக்குகிறதா? நம்ம கடற்கரையைப் பற்றி, நம்ம பேச்சிலேயே ஒரு படம் எடுத்தால் அது அங்கே வரை போக வழி உண்டா?" இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பட்டியல் என்று சொல்கிறார்களே அது என்ன, யார் அனுப்புகிறார்கள், நம்மைத் தள்ளி வைக்கிறார்களா. நான்காவது கேள்வி கடைசி வரியில் இருக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால் அதற்கும் வருகிறேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் இருபது வருஷமாகச் சின்ன அளவில் படம் திரையிடுகிறோம், வாடகை புரொஜெக்டர், வாடகை ஹால். டிசம்பர் வந்தால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் விடிகாலை வண்டி பிடித்துத் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போய்விடுவேன். டாகூர் தியேட்டர் வாசலில் வரிசையில் நின்றே பாதி உலக சினிமாவைத் தெரிந்துகொண்டவன் என்று சொல்லலாம். அப்புறம், சிறு படங்களுக்கும் குறும்படங்களுக்கும் ஆங்கில சப்டைட்டில் எழுதித் தருகிறேன். எந்தத் தேர்வுக்குழுவிலும் உட்கார்ந்ததில்லை. ஆகவே கதவுக்கு உள்ளே நடக்கிற பேச்சைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. விதி, வரலாறு, வெளியே தெரிந்த முடிவுகள், இவை போதும் உங்கள் கேள்விக்கு.

ஜனவரிச் செய்தியை முதலில் தெளிவாக்கிவிடலாம். 2021ல் சூரரைப் போற்று, 2022ல் ஜெய் பீம், 2025ல் கங்குவா என்று நாம் கொண்டாடியது "தகுதி பெற்ற படங்கள்" என்ற பட்டியல். 2021 பட்டியலில் 366 படங்கள் இருந்தன, அடுத்த வருஷம் 276. வெளியீட்டு நிபந்தனைகளை நிறைவேற்றி, விண்ணப்பமும் ஒழுங்காகக் கொடுத்தால் எந்தப் படமும் அதில் இடம்பெறும். யாரும் பார்த்து, பிடித்து, தேர்ந்தெடுத்த பட்டியல் இல்லை அது. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்திருக்கிறது, அவ்வளவுதான், மார்க் இன்னும் யாரும் போடவில்லை. இந்த வழிக்கும் "இந்தியாவின் படம்" என்று ஒன்று போகிறதே அந்த வழிக்கும் சம்பந்தமே கிடையாது. ஆர்.ஆர்.ஆர். இந்தியாவின் அதிகாரபூர்வப் படமாக அனுப்பப்படவில்லை, ஆனாலும் பொதுப் பிரிவில் போட்டியிட்டு 2023ல் பாட்டுக்கு விருது வாங்கியது. அதே மேடையில் குறும் ஆவணப்பட விருதை வாங்கிய தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ் முதுமலையில் எடுத்தது, பொம்மனும் பெள்ளியும் அதில் பேசுவது பெரும்பாலும் தமிழ். அந்தப் பிரிவுக்கும் நாட்டின் சிபாரிசு தேவையில்லை.

நாட்டின் சிபாரிசு தேவைப்படுவது ஒரே ஒரு பிரிவுக்கு. முன்பு அதற்குப் பெயர் சிறந்த அயல்மொழிப் படம், 2019ல் சிறந்த சர்வதேசத் திரைப்படம் என்று மாற்றினார்கள். போட்டி விருதாக அது தொடங்கியது 1956ஆம் வருஷப் படங்களில் இருந்து. நம் மாவட்டம் திருவிதாங்கூரை விட்டுத் தமிழகத்தோடு சேர்ந்த அதே வருஷம் என்பதால் எனக்கு அது மறப்பதில்லை. ஒரு நாட்டுக்கு ஒரு படம்தான். நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஓட வேண்டும், பாதிக்கு மேல் வசனம் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும், குறித்த காலத்துக்குள் தியேட்டரில் தொடர்ந்து ஏழு நாள் காசு வாங்கி ஓட்டியிருக்க வேண்டும். நேராக ஓடிடியில் வந்தால் செல்லாது, கொரோனா காலத்தில் மட்டும் இதைத் தளர்த்தினார்கள். எண்பது, தொண்ணூறு நாடுகள் அனுப்பும். டிசம்பரில் அதைப் பதினைந்தாக்கி ஷார்ட்லிஸ்ட் விடுவார்கள், ஜனவரியில் ஐந்து, அதுதான் நாமினேஷன்.

இந்தியாவின் சார்பில் அந்த ஒரு படத்தைத் தேர்வு செய்வது மத்திய அரசு இல்லை. ஃபிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா என்ற அமைப்பு. தயாரிப்பாளர்கள், விநியோகஸ்தர்கள், தியேட்டர்காரர்கள் எல்லாருடைய சங்கங்களுக்கும் மேலே இருக்கிற கூட்டமைப்பு அது. தயாரிப்பாளர் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். ஃபெடரேஷன் ஒவ்வொரு வருஷமும் ஒரு நடுவர் குழுவை வைக்கும், வந்த படங்களை அவர்கள் சில நாட்களுக்குள் பார்த்து முடிவு சொல்வார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். விண்ணப்பிக்காத படத்தைக் குழு தேடிப்போய்ப் பார்ப்பதில்லை. ஒரு வருஷத்தின் சிறந்த தமிழ்ப் படம் என்று நானும் நீங்களும் நினைக்கிற படம் அந்த மேசைக்கே போகாமல் இருந்திருக்கலாம்.

சரி, தமிழை ஒதுக்கினார்களா? எண்ணிப் பார்ப்போம். 1969ல் தெய்வமகன், சிவாஜி மூன்று வேஷத்தில். 1987 நாயகன், 1990 அஞ்சலி, 1992 தேவர் மகன், 1995 குருதிப்புனல், 1996 இந்தியன், 1998 ஜீன்ஸ், 2000 ஹே ராம், 2016 விசாரணை, 2021 கூழாங்கல். ஹே ராம் தமிழ், இந்தி இரண்டிலும் எடுத்தது என்பதால் அதைச் சேர்த்தால் பத்து, விட்டால் ஒன்பது. இந்திக்கு அடுத்து அதிகம் போனது தமிழ்தான். 1990ல் இருந்து 2000 வரை பதினோரு வருஷத்தில் ஆறு முறை! கமல் நடித்த படங்கள் மட்டும், தெலுங்கு ஸ்வாதி முத்யமும் இந்தி சாகரும் சேர்த்து ஏழு போயிருக்கின்றன. ஆகவே "தமிழ் என்பதால் அனுப்புவதில்லை" என்பதை வரலாறு தாங்காது. ஆனால் ஹே ராமுக்கும் விசாரணைக்கும் நடுவில் பதினாறு வருஷம் ஒன்றுமில்லை என்பதும் உண்மை. உங்கள் கோபம் அந்தப் பதினாறு வருஷத்தில் பிறந்ததாக இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

மொழியைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். குருதிப்புனல் நல்ல படம்தான், பி.சி. ஸ்ரீராம் இயக்கியது, ஆனால் முந்தைய வருஷம் வந்த துரோக்கால் என்ற இந்திப் படத்தின் ரீமேக். ஜீன்ஸை ஏழு உலக அதிசயங்களுக்கு முன்னால் ஆடிய பாட்டுக்காகவே இன்றும் நினைவு வைத்திருக்கிறோம். இவற்றை அனுப்பியவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி என்னவாக இருக்கும்? நம் தொழில் எவ்வளவு பெரிதாகச் செய்யும் என்று காட்ட எதை அனுப்பலாம், அல்லது இந்தியாவின் பெருமையை எது சொல்லும் என்பதாகத்தான் இருக்க வேண்டும். இது என் ஊகம், ஆனால் அறுபத்தைந்து வருஷத்துக்கும் மேலான பட்டியலைப் படித்து வந்த ஊகம். ஆஸ்கரை வழங்கும் அகாடமியில் ஓட்டுப் போடுகிற உறுப்பினர் இந்தியாவுக்கு ஓட்டுப் போடுவதில்லை. முன்னேபின்னே தெரியாத ஊரைப் பற்றிய ஒரு படம் தன்னை ஏதோ செய்தது என்பதற்காகப் போடுகிறார். ஆளைத் தேர்ந்தெடுக்க நாம் கேட்கிற கேள்வி ஒன்று, அந்த ஆள் ஓட வேண்டிய பந்தயம் வேறொன்று.

அதனால்தான் விசாரணையும் கூழாங்கல்லும் எனக்கு முக்கியம். வெற்றிமாறனின் விசாரணை 2015ல் வெனிஸ் விழாவுக்குப் போய்விட்டு அப்புறம்தான் இங்கே தியேட்டருக்கு வந்தது. கூழாங்கல் 2021ல் ராட்டர்டாம் விழாவில் முதன்மை விருதான டைகர் விருது வாங்கியது, அதை ஆஸ்கருக்குத் தேர்ந்தெடுத்த ஃபெடரேஷன் குழுவுக்குத் தலைவர் மலையாள இயக்குநர் ஷாஜி என். கருண். எழுபத்தைந்து நிமிஷப் படம், குடிகாரத் தகப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. நாங்கள் நாகர்கோவிலில் திரையிட்ட அன்று வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர் குளமும் கால்வாயும் தென்னையுமாக இருக்கிற ஊர், பேச்சிப்பாறை அணைத் தண்ணீரில் வளர்ந்த நமக்கு அந்த மண்ணே அந்நியம். தாகத்துக்காகப் பையன் வாயில் கூழாங்கல்லைப் போட்டு அதக்குகிற இடத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் பையில் இருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திறந்தார், குடிக்காமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். படம் முடிகிற வரை குடிக்கவில்லை. கடைசிக் காட்சியில் பெண்கள் ஊற்றில் இருந்து சொட்டுச் சொட்டாகக் கோரி எடுக்கும்போது அவர் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வந்திருந்தது முப்பது பேர்கூட இல்லை. நாட்டின் படம் என்று உலகத்துக்கு அனுப்பிய படத்தை நம் மாவட்டத்தில் அன்று சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது அவ்வளவு பேர்தான். எனக்கு இது இன்னும் மனசில் கிடக்கிறது.

இனி 2024 விவகாரம், அதைத் தொடாமல் பேச முடியாது. பாயல் கபாடியாவின் ஆல் வி இமேஜின் ஆஸ் லைட் முப்பது வருஷத்துக்குப் பிறகு பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழாவின் பிரதானப் போட்டிக்குப் போன இந்தியப் படம். அதற்கு முன் போனது அதே ஷாஜி என். கருணின் ஸ்வாஹம், 1994ல். பாயலின் படம் அங்கே இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் ப்ரி வாங்கியது, பாதிக்கு மேல் மலையாளம் பேசுகிறது. வாழை, தங்கலான், மகாராஜா, கொட்டுக்காளி என்று தமிழில் இருந்தும் அந்த வருஷம் பல படங்கள் பரிசீலனையில் இருந்தன, மொத்தம் 29 படம். குழு லாபதா லேடீஸைத் தேர்ந்தெடுத்தது. அது மோசமான படம் இல்லை, எங்கள் வீட்டில் எல்லாரும் ரசித்துப் பார்த்தோம். ஆனால் டிசம்பர் ஷார்ட்லிஸ்டில் அது இல்லை. பிரிட்டன் அனுப்பிய சந்தோஷ் என்ற இந்திப் படம் இருந்தது! இங்கிலாந்து இந்தி பேசி உள்ளே போக முடிந்ததற்குக் காரணம் ஒரு விதி மாற்றம். முன்பு படம் அனுப்புகிற நாட்டின் மொழியில் இருக்க வேண்டும் என்று இருந்தது, 2006ல் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வருஷமே தீபா மேத்தாவின் வாட்டர், கனடாவின் படமாகப் போய் ஐந்துக்குள் வந்தது, அதுவும் இந்திதான். என் கருத்தைக் கேட்டால், 2024ல் குழு தவறு செய்தது. கானில் பெரிய விருது வாங்கிய படத்தை ஓட்டுப் போடுகிறவர்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பார்கள், பார்க்க உட்காருவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறொன்றைப் புதிதாக அறிமுகம் செய்யக் கிளம்பினோம்.

இந்தத் தவறு நமக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். 2023ல் கானின் முதல் விருதான தங்கப் பனை வாங்கிய அனாடமி ஆஃப் எ ஃபால் படத்தை பிரான்ஸ் விட்டுவிட்டு, வேறொரு சமையல் படத்தை அனுப்பியது. அனுப்பிய படம் ஐந்துக்குள் வரவில்லை, விட்ட படம் பொதுப் பிரிவில் திரைக்கதைக்கான ஆஸ்கர் வாங்கியது. ஆனால் அவர்கள் 2025ல் ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹி பாரசீக மொழியில் எடுத்த படத்தைத் தங்கள் நாட்டுப் படமாக அனுப்பினார்கள், அது ஐந்துக்குள் வந்தது. நாமும் அந்த வருஷம் கானில் திரையிட்ட ஹோம்பவுண்டை அனுப்பினோம், பதினைந்துக்குள் வந்தோம், ஐந்தில் இல்லை. 2022ல் குஜராத்தி செல்லோ ஷோவும் பதினைந்து வரை போனது. ஐந்துக்குள் நாம் போனது மொத்தம் மூன்றே முறை: 1957 மதர் இந்தியா, 1988 சலாம் பாம்பே, 2001 லகான்.

மதர் இந்தியா ஒரே ஒரு ஓட்டில் தோற்றது என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள், எங்கள் கூட்டங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அகாடமி ஓட்டு எண்ணிக்கையை வெளியிடுவதே இல்லை. ஆகவே அதை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது, அதை வைத்து எதையும் வாதாடாமல் இருப்பது நல்லது. உறுதியாகச் சொல்லக்கூடியது, அது தோற்றது ஃபெலினியின் நைட்ஸ் ஆஃப் கபீரியா படத்திடம் என்பது.

தேர்வுக்குப் பிறகு நடப்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கூழாங்கல் தேர்வானது 2021 அக்டோபர் கடைசியில். ஷார்ட்லிஸ்ட் வந்தது டிசம்பர் 21. நடுவில் இரண்டே மாதம். இந்த இரண்டு மாதத்தில் அமெரிக்காவில் படத்தைப் பற்றிப் பேசவைக்க வேண்டும், அகாடமிக்காரர்களுக்குத் திரையிட வேண்டும், பத்திரிகைகளில் வர வேண்டும், இவ்வளவுக்கும் பணம் வேண்டும். லகானுக்கு அங்கே சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் விநியோகஸ்தராக இருந்தது, ஆமிர் கானே அமெரிக்காவில் தங்கி ஓடினார். கொரியா 1962ல் இருந்து படம் அனுப்பிப் பார்த்து, ஒரு நாமினேஷன்கூட வாங்காமல், 2019ல் வந்த பாரசைட் மூலம் முதல் நாமினேஷனையும் விருதையும் ஒன்றாக வாங்கியது. அந்தப் படம் மே மாதமே கானில் தங்கப் பனை வாங்கிவிட்டது, அமெரிக்க விநியோகஸ்தரும் கையில் இருந்தார், ஏழெட்டு மாதம் அது அங்கே நடமாடியது. நம் குழுவோ செப்டம்பரிலோ அக்டோபரிலோதான் கூடுகிறது.

பணம்தான் எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. கூழாங்கல் போன அதே வருஷம் பூடான் அனுப்பிய லுனானா என்ற படம் ஐந்துக்குள் வந்தது. மின்சாரம் இல்லாத மலைக்கிராமத்தில் சோலார் வைத்து எடுத்தது. முந்தைய வருஷம் அதே படத்தை அனுப்பியபோது முறையான தேர்வுக்குழு இல்லை என்று திருப்பிவிட்டார்கள், அவர்கள் குழுவைச் சரிசெய்து அதே படத்தை மறுபடி அனுப்பினார்கள். பூடானுக்கு நம் ஃபெடரேஷன் மாதிரி எழுபது வருஷ அமைப்பு எதுவும் இருக்கவில்லை.

இப்போது உங்கள் கடைசி வரி. நம் பேச்சில், நம் கடற்கரையை எடுத்தால் போகுமா? மலையாளத்தில் இருந்து 2023ல் போன படத்தின் பெயரே "2018", அந்த வருஷக் கேரள வெள்ளத்தைப் பற்றியது. மார்த்தாண்டத்தில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். மீனவர்கள் வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வரும் காட்சியில் தூத்தூர் பக்கத்து இளைஞர்கள் விசில் அடித்தார்கள், ஆனால் அதற்கு முன்னால் கடல் கொந்தளிக்கிற காட்சியில் அந்த வரிசையில் சத்தமே இல்லை. ஒக்கிப் புயல் நம் கரையை அடித்து ஒன்பது மாதம்கூட ஆகாத நேரத்தில் வந்த வெள்ளம் அது. அந்த ஒக்கியின் கதை நம் பேச்சில் இன்னும் பெரிய திரைக்கு வரவில்லையே என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். விதிப்படி அதற்கு ஒரு தடையும் இல்லை. தணிக்கைச் சான்றிதழ், ஏழு நாள் தியேட்டர், விண்ணப்பம், கட்டணம். பேச்சு வழக்கு தடையே இல்லை, அங்கே எல்லாப் படத்தையும் சப்டைட்டில் வழியாகத்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்த சப்டைட்டிலில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள், இது நான் கையால் செய்கிற வேலை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஒரு குறும்படத்தில் வயதான அம்மா கடலுக்குக் கிளம்புகிற பேரனைப் பார்த்து "மக்களே, சூட்சிச்சுப் போ" என்பார். ஐந்து சொல்கூட இல்லை. நம் பக்கம் ஒருவரைச் செல்லமாக அழைக்கிற அந்த "மக்களே" என்பதை "மகனே" என்று ஆங்கிலத்தில் போட்டால் அது தகப்பன் அதட்டுவது மாதிரி வருகிறது, "ஜனங்களே" என்று போட்டால் மேடைப் பேச்சாகிவிடுகிறது. ஒரு முழு மாலை உட்கார்ந்தேன். கடைசியில் அந்த விளிச்சொல்லையே விட்டுவிட்டு, பார்த்துப் போ என்பதை மட்டும், ஆங்கிலத்தில் பாட்டிமார் சொல்கிற மாதிரி ஒரு வரியாகப் போட்டேன், மீதியை அந்த அம்மாவின் முகம் பார்த்துக்கொண்டது. பெரிய படங்களிலேயே இந்த வேலையை ரிலீசுக்கு நாலு நாள் முன்னால் அவசரமாகக் கொடுக்கிறார்கள். எங்கோ வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற ஒரு அகாடமி உறுப்பினருக்கு அந்த வரிதான் படம்.

ஆகவே உங்களிடம் திரைக்கதை இருந்தால், ஆஸ்கரைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு, படம் முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே எந்த விழாக்களுக்கு எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். விசாரணையும் கூழாங்கல்லும் விழா வழியாகத்தான் போயின. திரைக்கதையைக் குளச்சல் பேச்சிலேயே எழுதுங்கள், நாகர்கோவில்காரனுக்குப் புரியாத சொல் இருந்தாலும் இருக்கட்டும். சப்டைட்டிலுக்கு என்று ஒரு மாதத்தைத் தனியாக ஒதுக்குங்கள். முதல் நகலை நான் வாசித்துத் தருகிறேன், காசு வேண்டாம். டிசம்பரில் திருவனந்தபுரம் வந்தால் டாகூர் தியேட்டர் வரிசையில்தான் இருப்பேன், வந்து பேசுங்கள்.